புதுப்பிப்பு: கிளவுடில் கோப்பு ஏற்றும்போது பாதி நேரம் 403 (அனுமதி மறுப்புப் பிழை) – தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. போன வாரம் நான் கேட்டது: கையொப்பம் (அனுமதியைக் காட்டும் குறியீடு) சேர்த்த இணைய முகவரி வழியாகக் கிளவுடுக்குக் கோப்பு ஏற்றினால், அதே நிரல் ஒரு தடவை ஓடுகிறது, அடுத்த தடவை 403 என்று முகத்தில் அடிக்கிறது.

குற்றவாளி + குறி. கையொப்பம் பேஸ்64 வடிவம் (தரவை எழுத்து, எண், குறிகளாக எழுதும் முறை); அதில் +, /, = வரலாம். கேள்விக்குறிக்குப் பிறகு + வந்தால் பல சர்வர்கள் அதை இடைவெளியாகப் படித்துவிடும். என்னுடைய 44 எழுத்துக் கையொப்பத்தில் + தலைகாட்ட வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. நானோ பெங்களூரு மாரத்தஹள்ளியில் நான் தங்கும் பிஜி விடுதியின் வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

"முழு முகவரியை விடுங்க, மதிப்பை மட்டும் தனியா என்கோட் பண்ணுங்க" என்ற பதில்தான் கைகொடுத்தது (என்கோட் என்றால் சிக்கலான குறிகளை % வைத்த குறியீடாக மாற்றுவது). ஜாவாஸ்கிரிப்டில் என்கோட்யூஆர்ஐ இருந்த இடத்தில் என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட். ஒரே வரி. முந்தையது + குறியைத் தொடவே தொடாது. +, / இரண்டுக்கும் பதில் -, _ போடும் யோசனையும் நல்லதுதான், ஆனால் சரிபார்ப்பது கிளவுட் நிறுவனத்தின் சர்வர், அது பழைய வடிவத்தைத்தான் ஏற்கிறது.

எதிர்பாராதது ஒன்று. கோப்புப் பெயரையும் நானே என்கோட் செய்தேன். நிரலில் சேர்த்திருந்த ஆயத்த நிரல் நூலகம் அதை இன்னொரு முறை செய்ததில், இடைவெளியைக் குறிக்கும் %20 என்பது %2520 ஆகிவிட்டது. அப்புறம் தமிழ்ப் பெயர்கள்: 'பெங்களூரு' என்ற ஒரே சொல் என்கோட் ஆகி முகவரியில் 81 எழுத்தாக நீள்கிறது. பெயர்களை எண்ணாக மாற்றிவிட்டேன்.