ஒரே தூக்கமின்மைக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர் எழுதுகிறார்கள், எது சரி?

மொட்டைமாடி:
வயது 41. ஒன்றரை வருடமாகத் தூக்கம் சரியில்லை. பத்தரைக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரளுவேன், அப்புறம் எப்படியோ கண் அசந்தால் மூன்று மணிக்கு விழிப்பு, அதோடு சரி. முதல் டாக்டர் சீட்டில் ‘சைக்கோஃபிசியாலஜிக்கல் இன்சோம்னியா’ என்று எழுதினார். போன மாதம் பார்த்தவர் ‘க்ரானிக் இன்சோம்னியா டிஸ்ஆர்டர்’ என்று எழுதிவிட்டு, பழைய சீட்டைப் பார்த்து “இப்போ அப்படியெல்லாம் பிரிக்கிறதில்ல” என்றார், ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நெட்டில் தேடினால் பிரைமரி, செகண்டரி, இடியோபதிக் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு இருப்பது எந்த வகை? வகை தெரிந்தால்தானே மருந்து?

வேப்பங்காற்று:
இரண்டு பேர் எழுதியதும் ஒன்றுதான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2005 வகைப்பாட்டில் நீங்கள் சொன்ன மாதிரி நிறைய உட்பிரிவுகள் இருந்தன. 2014இல் வந்த மூன்றாம் பதிப்பில் நாள்பட்டவை எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார்கள்: வாரத்தில் குறைந்தது 3 நாள், 3 மாதமாக, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல், பகலிலும் அதனால் அவதி என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 அதற்கு முந்தின வருடமே பிரைமரி (தானாகவே வந்தது), செகண்டரி (வேறு நோயால் வந்தது) என்ற பிரிவைக் கைவிட்டது. காரணம் ரொம்ப நடைமுறையானது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகையும் பொருந்தும், டாக்டருக்கு டாக்டர் பெயர் மாறும். மனச்சோர்வால் தூக்கம் போனதா, தூக்கம் போனதால் மனச்சோர்வு வந்ததா என்று யார் அறுதியிட்டுச் சொல்வது? மனச்சோர்வு சரியான பிறகும் தூக்கம் திரும்பாதவர்கள் நிறைய. அதனால் அதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துப் பார்க்கிறார்கள்.

பாய்_தலையணை:
வேப்பங்காற்று சொல்வது சரி, ஆனால் பழைய பெயர்களை ஒரேயடியாகத் தூக்கிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அம்மா “ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை” என்பார். சோதனைக்கூடத்தில் ஒரு ராத்திரி தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார்! பொய் சொல்லவில்லை, அவருக்கு அது விழித்திருந்த மாதிரியேதான் இருக்கிறது. பாரடாக்ஸிக்கல் என்றது இதைத்தான். சின்ன வயதிலிருந்தே காரணமில்லாமல் தூக்கம் வராதவர்களை இடியோபதிக் என்றார்கள். உங்கள் முதல் டாக்டர் எழுதியது வேறு: படுக்கையைப் பார்த்தாலே ‘இன்னைக்காவது தூக்கம் வருமா’ என்று மூளை உஷாராகிவிடும் பழக்கம். டிவி முன்னால் சோபாவில் சொக்கி விழுவார்கள், கட்டிலுக்குப் போனதும் விழிப்பு. நீங்கள் அப்படியா? வெளியூரில் தூக்கம் எப்படி?

நைட்ஷிஃப்ட்:
வகை பார்க்கும் முன் மற்றதைக் கழித்துவிடுங்கள். குறட்டை, மூச்சுத் திணறி எழுவது இருந்தால் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. படுத்ததும் கால் குடைந்து ஆட்டச் சொன்னால் இரும்புச்சத்தைப் பாருங்கள். இரண்டு மணிக்குப் படுத்துப் பத்து வரை சுகமாகத் தூங்கினால் உடம்புக் கடிகாரம்தான் தள்ளிப்போயிருக்கிறது. மருந்துக்குத்தான் வகை என்பதும் தப்பு. எந்த வகைக்கும் முதல் சிகிச்சை சிபிடி-ஐ (தூக்கத்தைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும், மருந்தில்லாத சிகிச்சை) என்று 2016இலேயே அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி சொல்லிவிட்டது, மாத்திரை அதற்கப்புறம்தான். ஏற்கனவே மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளர் 1987இல் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்த மாதிரி வேறெதுவும் புரியவில்லை. ஆரம்பிக்கும் காரணம் ஒன்று (எனக்கு வேலை போனது), அதை இழுத்துக்கொண்டே போவது வேறொன்று. வேலை கிடைத்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுத்து, பகலிலும் ஒரு தூக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். சிகிச்சையில் நான் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். முதல் இரண்டு வாரம் நரகம், வண்டி ஓட்டவே பயம். அப்புறம் பிடித்தது.

மொட்டைமாடி:
குறட்டை இல்லை என்று வீட்டில் சத்தியம் செய்கிறார்கள். @பாய்_தலையணை, பொங்கலுக்கு மாமியார் வீட்டுக் கூடத்தில், ஃபேன் கூட இல்லாமல், ஐந்து பேருக்கு நடுவில் ஏழு மணி நேரம் தூங்கினேன். அன்றைக்கு அலுப்பு என்று நினைத்தேன். ஞாயிறு மத்தியானம் சோபாவிலும் அதே கதைதான். சரி, இன்றிலிருந்து இரண்டு வாரம் படுத்தது, எழுந்தது எல்லாம் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன். மாமியார் வீட்டையும் எழுதலாமா?

பாய்_தலையணை:
அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.