மறு: எமோஷனல் இனெர்ஷியா – நிலைமமா, ஆறாமையா, தங்கலா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒருமுறை வந்த மனநிலை எளிதில் விலகாமல் நீடிப்பதை உளவியலில் 'எமோஷனல் இனெர்ஷியா' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நேற்று வந்த மூன்று மடல்களையும் படித்தேன். 'நிலைமம்' பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிற சொல், 'உணர்ச்சி நிலைமம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம் என்பது ஐயா அவர்களின் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஒருவருடைய போனை நாளைக்கு ஐந்து முறை அதிரவைத்து, 'இப்போது மனசு எப்படி இருக்கிறது?' என்று கேட்டு 0 முதல் 10 வரை ஓர் எண் வாங்குகிறோம். 1970களில் சிகாகோவில் உளவியலாளர்கள் சிக்சென்ட்மிஹாயியும் லார்சனும் பேஜரை வைத்துச் செய்த அதே வேலைதான். இரண்டு வாரத்தில் ஆளுக்கு எழுபது எண் சேரும். போன முறை சொன்ன எண் இந்த முறை சொல்லும் எண்ணை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது? அந்தப் பிடிமானத்துக்குத்தான் இனெர்ஷியா என்று பெயர் வைத்தார்கள். 2010இல் உளவியலாளர் பீட்டர் குப்பென்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது நன்றாகப் பரவிவிட்டது.

ஆனால் இயற்பியல் நிலைமம் வேறு சங்கதி. வெளிவிசை இல்லாதவரை பொருள் தன் நிலையை விடாது. மனசு அப்படியா? யாரும் தொடாவிட்டாலும் கோபம் தானாக இறங்கும். எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதைத்தான் இங்கே அளக்கிறோம். ஆங்கிலத்தில் இரவல் வாங்கியது பொருந்தாமல் நின்றால், அந்தப் பொருத்தக்கேட்டையும் சேர்த்து நாம் ஏன் வாங்க வேண்டும்? போதாக்குறைக்கு 'மனநிலை நிலைமம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'ஆறாமை' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஆறுவது கோபமும் வருத்தமும் புண்ணும்தான். மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் இன்னும் ஆறவில்லை என்று மதுரையில் ஒருவரிடம் சொன்னால் உதைக்க வருவார். கணக்கோ வருத்தம், சந்தோஷம் இரண்டுக்கும் பொது.

எனக்குச் சொல் கிடைத்தது எங்கள் தெருமுனையில். கேள்விகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, புரிகிறதா என்று பார்க்க அங்கே பூக்கட்டும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் மல்லி வாங்கி வருபவர். மொட்டுகளை எதிரெதிராக வைத்து வாழைநாரைச் சுற்றி இறுக்கியபடியே காதுகொடுத்துக் கேட்டார். அன்றைக்கு விலையில் ஏதோ வாய்த்தகராறு போலிருக்கிறது. "காலையில பேசுன பேச்சு இன்னும் உள்ள தங்கி நிக்குதுண்ணே" என்றார். அப்போது மணி பதினொன்று.

தங்கல். மழைத்தண்ணீரும் அப்படித்தான். ஒரே மழை பெய்தாலும் ஒரு தெருவில் அரைமணியில் வடிந்துவிடும், அடுத்த தெருவில் சாயங்காலம்வரை தங்கி நிற்கும். எண்ணில் சொன்னால், வழக்கமாக 7 சொல்பவர் ஒரு சண்டைக்குப் பின் 2 சொல்கிறார், குறைவு 5. தங்கற்கெழு, அதாவது ஒரு கேள்வியின் குறைவில் அடுத்த கேள்விவரை தங்கும் பங்கு, 0.2 என்றால் அடுத்த கேள்வியில் குறைவு 1, அதற்கடுத்து 0.2. கெழு 0.7 என்றால் முதலில் 3.5, பிறகு 2.45, மூன்றாவது கேள்வியிலும் 1.7 மிச்சம் நிற்கும். ('கெழு' பாடநூல் சொல்தான், அதில் ஐயாவுக்குச் சண்டை இருக்காது.)

விளக்கக் குறிப்பில் ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும். எப்போதும் 3 சொல்பவருக்குத் தங்கல் அதிகம் என்று அர்த்தமில்லை, அது அவருடைய சராசரி. அவரவர் சராசரியைக் கழித்த பிறகு மிஞ்சும் ஏற்ற இறக்கத்தில்தான் தங்கலைத் தேட வேண்டும். கழிக்காமல் எல்லாரையும் ஒரே குவியலில் கொட்டினால், 3காரர் 3ஐயும் 8காரர் 8ஐயும் திரும்பத் திரும்பச் சொல்வதே பெரிய தங்கலாகத் தெரியும். அப்புறம் ராத்திரி. எட்டு மணி எண்ணுக்கும் மறுநாள் ஆறு மணி எண்ணுக்கும் நடுவே ஒரு தூக்கம் கிடக்கிறது. அதையும் பகலில் வரும் இடைவெளி போலச் சேர்த்துவிடக் கூடாது.

'தன்னொட்டுறவு' பற்றி: அது ஆட்டோகோரிலேஷனுக்கு, அதாவது ஒரே வரிசையில் முந்தைய எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் கணக்குக்கு, ஏற்கெனவே இருக்கிற பெயர், இருக்கட்டும். கணக்கின் பெயர் அது, அந்தக் கணக்கு மனசைப் பற்றிச் சொல்வதன் பெயர் தங்கல். சாம்பிளுக்கும் மாடலுக்கும் ஒரே 'மாதிரி'யை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு போதும்.

தங்கல் என்றதும் லாட்ஜ் ஞாபகம் வருகிறது என்று தனிமடலில் ஒரு நண்பர். சரி, அடைமொழி சேர்த்து 'மனநிலைத் தங்கல்' என்போம். 'உணர்ச்சித் தங்கல்' வேண்டாம் என்பதற்குக் காரணம், நாளைக்குக் களைப்பையும் பதற்றத்தையும் இதே முறையில் அளக்கப்போகிறோம். அப்போது களைப்புத் தங்கல், பதற்றத் தங்கல் என்று முன்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். வேறு சொல்லோடு வருகிறவர்கள், அதை யாராவது பேச்சில் சொல்லிக் காதால் கேட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.