பளைத் தோட்டத்துப் பழைய பங்களா: வயசும் சுவர்ப் பூச்சும்

தென்னோலை:
யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பளையிலை தென்னந்தோட்டத்துக்குள்ள ஒரு கல் பங்களா. சுவர் இரண்டடித் தடிப்பு, முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். சுத்தவர விறாந்தை, உருளைத் தூண்கள். முன்கூரை மங்களூர் ஓடு, பின்பத்தி பீலி ஓடு (அரைவட்ட நாட்டு ஓடு). ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டினதெண்டு ஊரிலை சொல்லினம். உண்மையோ? இன்னொண்டு: அடியிலையிருந்து நாலடி உயரத்துக்குப் பூசின சீமெந்து பாளம் பாளமாக் கழண்டு விழுது, உள்ளுக்குக் கல்லு மாவா உதிருது. திரும்பவும் சீமெந்து பூசலாமோ?

வளைமரம்:
தடிச்ச சுவரையும் தூணையும் வைச்சு ஒல்லாந்தர் எண்டு முடிவெடுக்காதேங்கோ. 1795-இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறினாப் பிறகும் எங்கட மேசன்மார் அதே கல், அதே சாந்து, அதே விறாந்தையோடதான் கட்டினவை. பளைப் பக்கத்திலை ஐரோப்பியர் பெருந்தென்னந்தோட்டம் போட்டது 1840-களிலை. தோட்டத்துக்கெண்டு கட்டின பங்களா அதுக்கு முந்தினதா இருக்கிறது அரிது.

கூரை இன்னும் தெளிவாச் சொல்லும். மங்களூரிலை பாசல் மிஷன் எண்ட கிறிஸ்தவ சபை ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினது 1865. அதாலை முன்கூரை ஓடு அதுக்குப் பிந்தினது; ஆனா சுவருக்கும் அதுதான் வயசெண்டு எடுக்கக்கூடாது. ஓடு மாத்தியிருக்கலாம். ஒரு ஓட்டைக் கழட்டி அடிப்பக்கத்து முத்திரையை வாசியுங்கோ. பிறகு கைமரத்தின்ரை மேல்முகத்தைத் தடவிப் பாருங்கோ. மங்களூர் ஓட்டுக்கு றீப்பை (ஓடு தாங்குற குறுக்குச் சலாகை) ஏறத்தாழ பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒண்டு. அந்த இடைவெளிக்குள்ள பழைய ஆணித் துளைகள் நெருக்கமா இருந்தா, முன்னுக்கும் ஒருகாலத்திலை பீலி ஓடுதான் கிடந்தது. துளை சதுரமெண்டா அது இப்பத்தை உருண்டைக் கம்பி ஆணி இல்லை, பழைய ஆணி.

வயசு ஏன் முக்கியமெண்டா, 1815 மார்ச் 2-க்கு முந்தின கட்டடம் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். அப்பிடி ஒரு அடையாளம் கிடைச்சா, திணைக்களத்தைக் கேக்காமல் உளி வைக்காதேங்கோ.

நீறுசாந்து:
சீமெந்து வேண்டவே வேண்டாம். அந்தச் சுவருக்கு நோயே அதுதான். முருகைக்கல் நிலத்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்செண்டா ஈரம் வெளியாலை காயும். சீமெந்து அதை மறிக்க, உப்பு பூச்சுக்குப் பின்னாலை பளிங்காகி உப்பி, கல்லின்ரை முகத்தைப் பிளக்கும். நாலடியோட நிக்கிற சீமெந்து ஈரத்தை ஐந்தாவது அடிக்கு ஏத்திவிடும். அதுக்கு மேலை வெள்ளை பூத்திருக்கோ எண்டு பாருங்கோ.

மாரி முடிஞ்சு தை, மாசியிலை தொடங்குங்கோ. சின்ன உளியாலை தட்டிக் கழட்டுங்கோ, மெசின் பிடிச்சா கல்லும் சேந்து வரும். இணைப்பிலை உக்கின சாந்தை ஒரு அங்குல ஆழத்துக்குக் கிண்டி எடுங்கோ. உப்பைக் காய்ஞ்ச தும்பாலை தட்டுங்கோ. கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளுக்குப் போகும். சுவரைச் சில மாதம் அப்பிடியே விடுங்கோ.

நீத்தின (தண்ணி விட்டு அவிச்ச) சுண்ணாம்பை அரிச்சு, தண்ணிக்குக் கீழை குறைஞ்சது ஒரு மாதம் வைக்க வேணும். அடிச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு கழுவின மணல். கடற்கரை மணல் ஆகாது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேலை போனா வெடிக்கும். அடுத்ததுக்கு ஒரு கிழமை பொறுங்கோ. சோளகக் காத்து அடிச்சா ஈரச் சாக்குக் கட்டுங்கோ, இல்லையெண்டா மேல் காய்ஞ்சு உள் இறுகாது, விரலாலை சுரண்டவே மாவா வரும். முடிவிலை மெல்லிசா நாலுதரம் வெள்ளையடிக்கலாம். எமல்சன் அடிக்காதேங்கோ.

தென்னோலை:
நன்றி அண்ணை. சீமெந்தைக் குறைச்சு, ஒண்டுக்கு ஆறு எண்டு கலந்தா?

நீறுசாந்து:
அதுவும் கல்லை விடக் கடினம்தான் தம்பி. பூச்சு கல்லை விட மென்மையா இருக்க வேணும், அப்பதான் உப்பு பூச்சைத் தின்னும், கல்லைத் தின்னாது. சில வருசத்திலை அடிப்பூச்சு உதிர்ந்தா அதை மட்டும் மாத்துங்கோ. சுவரோட அணைஞ்ச மண்ணையும் வெட்டி எடுங்கோ, உள்நிலத்தை விட ஆறு அங்குலம் பதிவா இருக்கட்டும். சுத்திக் கொங்கிறீற் போட்டிருந்தா அதையும் உடையுங்கோ, அந்த ஈரம் சுவராலைதான் ஏறுது.

வளைமரம்:
பூசமுதல் பனை வளையள் (கூரை தாங்குற பனை மரங்கள்) சுவருக்குள்ள போற முனையையும் பாருங்கோ. வெளி வைரம் இரும்பு மாதிரி இருக்க உள்சோறு உக்கிப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கூர்க்கம்பியாலை குத்திப் பாருங்கோ. மாத்தின முனையைச் சுத்தி அரை அங்குலம் காத்தோட விடுங்கோ, சாந்தாலை அடைக்காதேங்கோ.