புதுப்பிப்பு: சுண்ணாம்பு கலந்த கரிசல் மண் வீங்கியதன் காரணம்

பெரம்பலூர்ப் பகுதிக் கரிசல் மண்ணில் வீக்கத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு கலந்த பின்னும், 4 நாள் நீரில் ஊறவைத்த சி.பி.ஆர். (சாலைக்கான மண்ணின் தாங்குதிறனை அளக்கும் சோதனை) மாதிரிகள் வீங்கின என்று முன்பு எழுதியிருந்தேன். கலவை விகிதத்தில்தான் பிழை என்று பலர் கருதினர்; நானும் அவ்வாறே நம்பினேன். உண்மைக் காரணம் மண்ணில் கலந்திருந்த ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட் கனிமம். சுண்ணாம்பின் கால்சியமும், காரத்தன்மை கூடியதால் களிமண்ணிலிருந்து கரைந்த அலுமினியமும், ஜிப்சத்தின் சல்பேட்டும் நீருடன் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகங்களாக வளரும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் 26 நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் பிணைத்துக்கொள்வதால், இறுக்கிய மண் மேலெழும்புகிறது. ஆகவே, சுண்ணாம்பைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. சல்பேட் அளவை முதலிலேயே சோதிக்காதது என் தவறு. இப்போது சுண்ணாம்பின் ஒரு பங்குக்கு மாற்றாக உருக்காலைக் கசடுத் தூளைச் சேர்த்து, புதிய மாதிரிகளை வார்த்திருக்கிறேன்.