அண்ணாவை அம்மாவாக்கிய 2662

திருப்பூரிலிருந்து:

2005 வாக்கில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். கையில் பட்டன் போன். தமிழ் எழுத்தில் குறுஞ்செய்தி எழுதினால் 70 எழுத்தோடு முடிந்துவிடும். ஆங்கில எழுத்தென்றால் 160. அதனால் தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். எண் பட்டன் ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு எழுத்துகள் இருக்கும். எஸ் வேண்டுமென்றால் 7-ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். டி9 (T9) என்று போனிலேயே ஒரு தட்டச்சு வசதி இருந்தது, அதில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்கு ஓர் அழுத்தல் போதும், எண் வரிசைக்குப் பொருந்தும் சொல்லை அகராதியிலிருந்து அதுவே எடுத்துவரும். 4663 என்றால் குட், ஹோம் இரண்டும் வரும். நமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்குச் சொகுசுதான். என் போனுக்கோ 'அம்மா' என்ற சொல்லே தெரியவில்லை. நானே எழுத்துக்கூட்டிச் சேமித்து வைத்தேன். வினை அங்கேதான் பிடித்தது. 2-இல் ஏ, பி, சி. 6-இல் எம், என், ஓ. அம்மாவுக்கும் 2662, அண்ணாவுக்கும் 2662!

எங்கள் சூப்பர்வைசர் முறுக்கு மீசைக்காரர். நைட் ஷிப்டுக்கு வரச்சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். திரையைப் பார்க்காமல் 'ஓகே அண்ணா' என்று தட்டிவிட்டேன். போய்ச் சேர்ந்தது 'ஓகே அம்மா'. இரவு உள்ளே நுழைந்ததும், செக்கிங் மேசையைச் சுற்றி அத்தனை பேரும் நிற்க, "வா கண்ணு, சாப்பிட்டாயா?" என்றார். ஒரு மாதம் அதே விசாரிப்புதான்.

கோபியிலிருந்து:

உங்களுக்குக் கிண்டலோடு போயிற்றுங்க அண்ணா. என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் பேக்கிங் பிரிவில் இருந்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வரும்போது வாங்கிவரட்டும் என்று 'பால்' (paal) என ஒரே சொல் அனுப்பினேன். 7225. அதே எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'பேக்' (pack) இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? தம்பி பிள்ளைகளுக்கு செகண்ட்ஸ் பனியன் கேட்டிருந்தேன். அதைத்தான் கட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். விருந்தாளிகளுக்குக் கடுங்காப்பி. பனியன் மட்டும் ஆளுக்கு இரண்டு.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் வாங்கிய அன்றே டி9-ஐ அணைத்துவிட்டேன். பழைய முறையில் அம்மா எழுத ஒரு எம் போட்டுவிட்டு, கர்சர் நகரும்வரை காத்திருந்து அடுத்த எம் போட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு என் ஆகிவிடும். எத்தனை முறை 'அனா' என்று போயிருக்கிறதோ! அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன்தான் படித்துச் சொல்வான்.