20 வாட் டியூப் ஹெட் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்குமா?

ஏழாம்கம்பி:
ஏழு கம்பி கிட்டார், அடிக்கம்பி பி (சுமார் 62 ஹெர்ட்ஸ்). ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் கேபினட். பேண்டில் டிரம்ஸ் உண்டு. பீவி 6505 எம்ஹெச், இவிஹெச் 5150 III எல்பிஎக்ஸ், மார்ஷல் டிஎஸ்எல்20ஹெச்ஆர். மூன்றும் 15-20 வாட் டியூப் ஹெட்கள் (ஸ்பீக்கர் இல்லாத, டியூபில் ஓடும் ஆம்ப்). இந்த மூன்றில் எது?

இரும்புநரம்பு:
எல்பிஎக்ஸ், யோசிக்கவே வேண்டாம். 15 வாட்தான், ஆனால் ஐந்து 12ஏஎக்ஸ்7 (சின்ன சிக்னல் டியூப்). ஹைகெய்னில் (சிக்னல் பெருக்கத்தை அதிகம் ஏற்றும்போது) கரகரப்பு முழுக்கப் பிரீஆம்பில்தான், அதாவது சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியில்தான், பிறக்கிறது. 100 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் 7 டெசிபல்தான் வித்தியாசம். சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். எதற்கு 100 வாட்டைச் சுமப்பது?

ஓம்விதி:
கணக்கு சரி, முடிவு தப்பு. கேள்வி சத்தத்தைப் பற்றியது இல்லை, 62 ஹெர்ட்ஸைப் பற்றியது. 6505 எம்ஹெச், எல்பிஎக்ஸ் இரண்டிலும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் இஎல்84. இரண்டு இஎல்84 புஷ்-புல்லில் (ஜோடியாக ஓடும்போது) தரவுத்தாள் சொல்வது 300 வோல்ட்டில் 17 வாட். அதற்கு மேல் தள்ளினால் டியூபின் ஆயுள் குறையும், இல்லையென்றால் சிதைவு கூடும். சின்ன ஹெட்டில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சின்னது. அதன் இரும்பு முதலில் திணறுவது தாழ்சுரத்தில்தான். உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது ‘டக்’கென்று நிற்க வேண்டியது ‘தொப்’பென்று விழும். மிட்டை (நடுச்சுரத்தை) குறைத்து பேஸை ஏற்றி வைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் விழும்.

இரும்புநரம்பு:
அந்தத் ‘தொப்’ பெரும்பாலும் பிரீஆம்பில் நடப்பது, சார். பேஸ் அப்படியே கெய்ன் ஸ்டேஜுக்குள் போனால் 100 வாட் ஹெட்டும் குழையும். டியூபின் கேத்தோடில் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கும் ஸ்டேஜையும் (பேஸும் முழுசாகப் பெருகும்) 0.68 இருக்கும் ஸ்டேஜையும் (பேஸ் குறைவாகப் பெருகும்) கேட்டுப் பாருங்கள். ஹெட்டுக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கெய்ன் கூட்டுவதைக் குறைத்துவிடும், அடி இறுகிவிடும்.

ஓம்விதி:
சோதித்தே தீர்க்கலாம். மாஸ்டரை (மொத்தச் சத்தக் குமிழை) மிகக் குறைவாக வைத்து அமுக்கி அடியுங்கள். அங்கேயே குழைந்தால் நீங்கள் சொன்னது சரி, பிரீஆம்ப்தான். குறைவில் இறுக்கமாக இருந்து மாஸ்டர் ஏற ஏறக் குழைந்தால் பவர் பகுதியையோ ஸ்பீக்கரையோ சந்தேகப்படுங்கள். எது என்று பிரிக்க, ஹெட்டின் எஃபெக்ட்ஸ் செண்டை (பிரீஆம்பிலிருந்து வெளிவரும் சிக்னலை) ஒரு பெரிய சாலிட் ஸ்டேட் (டியூப் இல்லாத) பவர் ஆம்புக்குக் கொடுத்து அதே கேபினட்டில் கேளுங்கள். ஸ்பீக்கர் தாங்கும் வாட்டைத் தாண்ட வேண்டாம். இறுகினால் குற்றவாளி இஎல்84 பகுதி. கவனம்: அந்த நேரம் ஹெட்டின் ஸ்பீக்கர் ஜாக்கில் வேறொரு கேபினட்டோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதில் சுமை தரும் பெட்டி) மாட்டியே இருக்க வேண்டும். லோடு இல்லாமல் டியூப் ஹெட்டை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கரகரப்பு:
இரண்டு பேரும் கேபினட்டை மறந்துவிட்டீர்கள். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன். செலஸ்டியன் விண்டேஜ் 30 அந்த 100 ரகம். பின்பக்கம் மூடிய இரட்டை 12 கேபினட் அடிச்சுரத்தில் இன்னும் கொஞ்சம் தரும். ஹெட்டை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யலாம்.

டியூப் எண்ணிக்கையை வைத்து கெய்னை எடை போடுவதும் சரியில்லை. 6505 எம்ஹெச்சில் மூன்று 12ஏஎக்ஸ்7, அதாவது ஆறு டிரையோட் (ஒரு டியூபுக்குள் இரண்டு பெருக்கும் அலகு). அதில் இரண்டு ஃபேஸ் இன்வெர்ட்டருக்கே (பவர் டியூப் ஜோடிக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் பகுதி) போய்விடும். மிச்சத்தை வைத்தும் கெய்னுக்குப் பஞ்சமில்லை.

ஏழாம்கம்பி:
டிஎஸ்எல் பற்றி யாரும் பேசவில்லையே?

ஓம்விதி:
அதில் இஎல்34 இரண்டு. ஒவ்வொன்றும் 25 வாட் வெப்பம் தாங்கும், இஎல்84 தாங்குவது 12 தான். எனவே 20 வாட் எடுக்கும்போது டியூப் நிம்மதியாக இருக்கும். ஆனால் குணம் மார்ஷல்தான், மிட் முன்னால் நிற்கும். மற்ற இரண்டு ஹெட்டும் தரும் 5150 வகைக் கடிப்பு வேண்டுமென்றால் ஏமாற்றம்.

இரும்புநரம்பு:
அதை ஒத்துக்கொள்கிறேன். எல்பிஎக்ஸில் நீல, சிவப்பு சேனல் இரண்டுக்கும் ஈக்யூ (பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள்) பொது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது நகரும். எஃபெக்ட்ஸ் லூப்பில் (பிரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே) ஒரு ஈக்யூ பெடல் வைத்து 100 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்தால் பவர் பகுதிக்கு மூச்சு கிடைக்கும். குறைத்ததை டிரம்ஸோடு கேட்டால் தெரியவே தெரியாது, அந்த இடம் பேஸ் கிட்டாருடையது.

கரகரப்பு:
கெய்னை ஏற்றினால் கூச்சல் வருகிறதென்றால் முதலில் வி1 டியூபை (சிக்னல் முதலில் நுழையும் டியூபை) பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் அந்த டியூப்தான் மைக்ரோஃபோனிக் (அதிர்வையே சத்தமாக மாற்றுவது). மின்கம்பியைப் பிடுங்கி, ஆறவிட்டு மாற்றுங்கள். சேஸிஸை (உள்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை) திறக்க வேண்டாம், உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.