ஒரே முகவரி, மூன்று அழைப்புக்குறிகள்: இவை ஒருவருடைய அட்டைகள்தாமா?

அட்டைப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017-ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருந்த ஒரு முதியவரிடம் வால்வு வானொலிப் பெட்டி ஒன்றுக்கு விலை பேசினேன். விலை படியவில்லை. நான் எழுந்தபோது, வெறுங்கையோடு போக விடக்கூடாது என்பதுபோல், மூன்று அட்டைகளை ஐந்து வெள்ளிக்கு என் கையில் திணித்தார். அன்றிலிருந்து அவை மேசை இழுப்பறையில் கிடந்தன. சாரணர் படையில் இருக்கும் என் மகன், அக்டோபரில் நடக்கும் வானலைச் சாரணர் கூடலுக்காகக் கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான், அதில் இருந்த "9வி1" என்ற எழுத்துகள் என் அட்டை ஒன்றிலும் இருப்பதைக் கவனித்தான்.

மூன்று அட்டைகளிலும் கைவிரல் அகலத்தில் பெரிய எழுத்துகள் அச்சிடப்பட்டுள்ளன. ஒன்று "விஎஸ்1" என்றும், இன்னொன்று "9எம்4" என்றும், மூன்றாவது "9வி1" என்றும் தொடங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகள் மூன்றிலும் ஒன்றே. கீழே உள்ள வீட்டு முகவரியும் ஒன்றே. (யாருடைய குடும்பத்துக்கோ உரியவை என்பதால் அந்த இரண்டு எழுத்துகளையும் முகவரியையும் இங்கே எழுதவில்லை.) முதல் இரண்டு அட்டைகள் நிரப்பப்படாதவை. மூன்றாவதில் மட்டும் பேனாவால் 1968 என்ற ஆண்டும், 1430 என்ற நேரமும், 599 என்ற எண்ணும் எழுதப்பட்டுள்ளன. 599 என்பது அட்டையின் வரிசை எண் என்று நினைக்கிறேன்.

என் கேள்விகள் இவை. இம்மூன்றும் ஒருவருடையவைதாமா, அப்படியானால் அவர் ஏன் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்? இத்தகைய குறியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியுமா? அமெரிக்க வானொலி நிலையங்கள் எழுத்துகளால் தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, நம் தமிழ் வானொலியான ஒலி 96.8 ஏன் அப்படிச் சொல்வதில்லை?

இருபது மீட்டர் எழுதியது:

ஐயா, ஐந்து வெள்ளிக்கு நல்ல பொருளை வாங்கியிருக்கிறீர்கள். இவை கியூஎஸ்எல் அட்டைகள்: பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்திருக்கும் அமெச்சூர்கள், வானலையில் தொடர்புகொண்டதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்புபவை. பெரிய எழுத்துகளில் இருப்பது அட்டைக்காரரின் அழைப்புக்குறி, அதாவது வானலையில் அவருக்குரிய பெயர். அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழாமலேயே நாடு இரண்டு முறை மாறியது.

அழைப்புக்குறியின் முன்பகுதி ஆளைக் குறிப்பதன்று, எந்த அரசு உரிமம் தந்தது என்பதைக் குறிப்பது. இந்த முன்னெழுத்துகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்புச் சங்கம் நாடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது; அமெச்சூர் நிலையமானால் அதையடுத்து ஓர் எண்ணும், அதன்பின் அந்தந்த நாடு தரும் எழுத்துகளும் வரும். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பல இடங்கள் "விஎஸ்" என்ற தொகுதியைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன: சிங்கப்பூருக்கு 1, புருணைக்கு 5, ஹாங்காங்குக்கு 6, இலங்கைக்கு 7. மலாயா 1957-இல் விடுதலை பெற்ற பின் 9எம்2 ஆயிற்று. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது சிங்கப்பூருக்கு 9எம்4, சபாவுக்கு 9எம்6, சரவாக்குக்கு 9எம்8 என்று இரட்டைப்படை எண்களாகவே கொடுத்தார்கள். 1965 ஆகஸ்ட் 9-க்குப் பிறகு நமக்கென்று 9வி என்ற தொகுதி வந்தது. ஆகவே, தேதியே எழுதப்படாத உங்கள் இரண்டாவது அட்டையை ஏறக்குறைய இரண்டே ஆண்டுக்கால இடைவெளிக்குள் வைத்துவிடலாம். அந்த இடைவெளி குறுகியது என்பதால், மூன்றில் அதிகம் தேடப்படுவதும் அதுதான்.

முன்னெழுத்து மாறியபோதும் பின்னெழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் அந்நாளில் பலர். முகவரியும் ஒத்துப்போவதால் மூன்றும் ஒருவருடையவை என்றே நான் கொள்வேன்.

தேர்ந்தெடுப்பதைப் பற்றி: தேர்வில் தேறி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் பெற்றால் குறி கிடைக்கும். பின்னெழுத்துகளில் ஓரளவு விருப்பம் செல்லுபடியாகும் நாடுகள் உண்டு. முன்னெழுத்தோ அந்த நாட்டுக்கென ஒதுக்கியதற்குள்தான் இருக்க வேண்டும். "கியூ" எழுத்தில் தொடங்கும் குறி உலகில் எந்த நாட்டுக்கும் கிடையாது, ஏனெனில் தந்திக்காரர்களின் சுருக்கச் சொற்கள், கியூஎஸ்எல், கியூடிஎச் போன்றவை, அந்த எழுத்தில் தொடங்குவதால் குழப்பம் வரும்.

இதைப் புனைபெயர்போல நினைக்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பேசும்போது குறுகிய இடைவெளிகளில் குறியைச் சொல்லியாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. காற்றில் ஏறும் ஒவ்வொரு சொல்லுக்கும் யார் பொறுப்பு என்பதைக் கேட்பவர் அனைவரும் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் பொறுப்புக்கு எல்லையும் உண்டு. என் வீட்டிலிருந்து உட்லண்ட்ஸ் கடற்பாலம் நடக்கும் தூரம்தான். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் அக்கரையில் ஜொகூர் பாருவில் நின்று நான் பேச வேண்டுமானால் மலேசியாவின் அனுமதி வேண்டும், என் குறியும் அதற்கேற்ப மாற வேண்டும். அதே கருவி, அதே வாய், வேறு பெயர்.

நங்கூரம் எழுதியது:

முன்னவர் சொன்னதைக் கப்பல் பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். நான் வானொலி அதிகாரியாகக் கடலில் இருந்தவன். 1999 பிப்ரவரியில் புதிய உலகளாவிய அபாய எச்சரிக்கை முறை முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு எங்கள் வேலையே இல்லாமற்போயிற்று.

ஒரு கப்பல் விற்கப்பட்டுக் கொடி மாறும்போது, அதன் பின்புறத்தில் எழுதியுள்ள பதிவுத் துறைமுகத்தின் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். அன்றே அழைப்புக்குறியும் மாறும். சிங்கப்பூர்க் கொடியானால் 9வி என்று தொடங்கும். தானியங்கி அடையாளக் கருவியில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணும் மாறும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் 563 முதல் 566 வரை இருந்தால் அது நம் நாட்டுக் கப்பல். மாறாதது இரும்பும், அதில் பொறித்த ஏழு இலக்க ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண்ணும் மட்டுமே. அட்டைக்காரரின் முகவரியையும் இரண்டு எழுத்துகளையும் அந்த ஐஎம்ஓ எண்ணாக வைத்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

சிங்கப்பூர் நீரிணையில் இன்று பெரும்பாலும் கப்பலின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். கிழக்குப் பகுதியில் 10-ஆம் வானொலித் தடம், நடுவில் 14, மேற்கில் 73. அந்தத் தடங்களில் ஒரு மணி நேரம் காதைக் கொடுத்தால், உலகத்திலுள்ள அத்தனை உச்சரிப்புகளையும் கேட்டுவிடலாம். சிக்கல் எப்போது வருமென்றால், ஒரே முதலாளியின் இரண்டு கப்பல்கள் ஒரே பெயரோடும் வெவ்வேறு எண்ணோடும் அடுத்தடுத்து வரும்போது. எனக்கு அப்படி நேர்ந்தது. கரையில் இருந்தவர் எங்கள் பெயரைச் சொல்லி ஏதோ கட்டளையிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்த சகோதரக் கப்பல் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு பதிலும் சொல்லிவிட்டது. அழைப்புக்குறியைக் கேட்டார்கள். நான் அவசரத்தில் "பி" என்று வெறும் எழுத்தாகச் சொன்னேன். அங்கே அது "டி" என்று விழுந்தது. அப்படி ஒரு கப்பலே அப்பகுதியில் இல்லை என்று அவர் குழம்பினார். கேப்டன் என் கையிலிருந்து கைக்கருவியை வாங்கி, "பிராவோ" என்று ஒரே ஒரு முறை சொன்னார். விஷயம் முடிந்தது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்பதெல்லாம் சினிமாவுக்காக ஏற்பட்டதன்று என்பது எனக்கு அன்று உறைத்தது. ஒன்பதை "நைனர்" என்று நீட்டுவதும் இதற்காகத்தான். இரைச்சலில் "நைன்" என்பதும் "ஃபைவ்" என்பதும் ஒன்றுபோலவே கேட்கும்.

விமானத்திலும் 9வி உண்டு. சாங்கியில் நிற்கும் நம் நாட்டு விமானங்களின் உடலில் 9வி என எழுதி, சிறு கோடு போட்டு, மூன்று எழுத்துகள் இருக்கும். ஆனால் விமானி அதைச் சொல்லி அழைப்பதில்லை, நிறுவனத்தின் அழைப்புப் பெயரையும் பயண எண்ணையும் சேர்த்துச் சொல்வார். ஸ்கூட் விமானத்தின் அழைப்புப் பெயர் "ஸ்கூட்டர்".

காலைக் காப்பி எழுதியது:

ஒலி 96.8 பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை, ஆகவே நான் தொடுகிறேன். நம் ஊர் ஒலிபரப்புக்கும் ஒரு காலத்தில் எழுத்துகள் இருந்தன. கால்டிகாட் குன்றிலிருந்து 1937-இல் முறையாகத் தொடங்கிய பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் "ஸெட்எச்எல்" என்று அறியப்பட்டது. அகில இந்திய வானொலியிலும் டில்லி விஉடி, பம்பாய் விஉபி, கல்கத்தா விஉசி, மதராஸ் விஉஎம் என்று ஊரின் முதலெழுத்தைக் கடைசியில் வைத்திருந்தார்கள். ஆனால் மக்கள் வாயில் நின்றவை அந்த எழுத்துகளா? ஆகாசவாணி என்ற சொல்லும், இலங்கை வானொலி என்ற பெயருமே நின்றன.

ஒலிபரப்பு நிலையம் எல்லாரையும் நோக்கிப் பேசுவது. யாரும் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. எனவே நிலையம் தன் பெயரையோ அலைவரிசையையோ சொன்னால் போதும் என்று பன்னாட்டு விதிகளும் ஏற்கின்றன. "ஒலி 96.8" என்பதில் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் உள்நாட்டுச் சட்டமே மணிக்கொரு முறை எழுத்துகளைச் சொல்லச் சொல்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே "டபிள்யூ", மேற்கே "கே". அதிலும் விலக்கு உண்டு. 1920-இல் தொடங்கிய பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ, கிழக்கே இருந்துகொண்டு இன்றுவரை "கே" எழுத்தை விடவில்லை.

இடையில் ஒன்று: இந்தியக் குறிகளில் வரும் "வி" வைசிராயைக் குறிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியா விகே, கனடா விஈ, நம் பழைய விஎஸ் ஆகியவையும் அதே எழுத்தில்தான் தொடங்கின, அங்கெல்லாம் வைசிராய் யாரும் இல்லை. அது பேரரசு முழுவதற்குமாக வாங்கி வைத்த எழுத்து.

இருபது மீட்டர் எழுதியது:

ஐயா, உங்கள் மூன்றாவது அட்டையைப் பற்றி ஒன்றைச் சொல்ல மறந்தேன். 599 என்பது வரிசை எண் அன்று. எதிர்முனையிலிருந்து அவருக்குக் கேட்ட ஒலியின் தெளிவுக்கு ஐந்துக்கு 5, வலிமைக்கு ஒன்பதுக்கு 9, தொனிக்கு ஒன்பதுக்கு 9. தொனிக்கு மதிப்பெண் போடுவது மோர்ஸ் தந்தியில் மட்டுமே என்பதால், அன்று அவர் பேசவில்லை, தட்டியிருக்கிறார்.

1430 என்பது பிற்பகல் இரண்டரை மணியும் அன்று. இவ்வட்டைகளில் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில்தான் எழுதுவது வழக்கம். 1968-இல் சிங்கப்பூர் அதைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. இப்போதுள்ள எட்டு மணி நேரக் கணக்கு 1982 ஜனவரியில்தான் வந்தது. ஆகவே அப்போது அவர் வீட்டில் இரவு சரியாகப் பத்து மணி. "டு ரேடியோ" என்பதற்கு எதிரே ஒரு குறி எழுதியிருக்கும். அதன் முதல் எழுத்துகளை மட்டும் சொல்லுங்கள். அட்டையின் அடியில் "பிஎஸ்ஈ கியூஎஸ்எல்" என்றும் "டிஎன்எக்ஸ்" என்றும் இரண்டு அச்சிட்டிருந்தால், எதை அடித்திருக்கிறார் என்றும் பாருங்கள். முதலாவது, தயவுசெய்து உங்கள் அட்டையை அனுப்புங்கள் என்பது. இரண்டாவது, வந்து சேர்ந்தது, நன்றி என்பது.

அட்டைப்பெட்டி எழுதியது:

உங்கள் மூவருக்கும் நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எதிரே எழுதியிருப்பது "விஉ2" என்று தொடங்குகிறது. இந்தியாவில் இருந்த ஒருவர் என்று மகன் உடனே சொல்லிவிட்டான். அங்கே அப்போது இரவு எட்டு மணி என்றும் அவனே கணக்குப் போட்டான். அடியில் "டிஎன்எக்ஸ்" மீது ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. "பிஎஸ்ஈ" அப்படியே இருக்கிறது. அட்டையின் மறுபக்கத்தில் அஞ்சல்தலை ஒட்டப்பட்டிருக்கிறது, அதன்மேல் முத்திரை இல்லை.